இலங்கையில் மழைக்காடு, கடற்கரை, திமிங்கிலம்: மூன்றையும் ஒரே பயணத்தில் திட்டமிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கைக்குப் போகத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும், அவர்கள் சொல்லித் தேடி வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். நுழைவுக் கட்டணங்களும் விசா விதிகளும் அடிக்கடி மாறுவதால் அவற்றைத் தொடவில்லை. புறப்படுமுன் அதிகாரப்பூர்வத் தளங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். பருவக்காற்று, தூரம், விலங்குகளின் பழக்கம் ஆகியவை அப்படி மாறுவதில்லை. திட்டம் நிற்பதும் விழுவதும் அவற்றால்தான்.

ஒரே பயணத்தில் காடு, கடற்கரை, திமிங்கிலம் மூன்றும் உண்மையிலேயே சாத்தியமா, விளம்பரத்துக்காகச் சொல்கிறார்களா?

சாத்தியம். இலங்கை வடக்கு தெற்காகச் சுமார் 435 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடத்தில் சுமார் 225 கிலோமீட்டர் அகலமும் கொண்ட சிறிய தீவு. தென்மேற்கு மூலையில் சிங்கராஜ மழைக்காட்டின் தெற்கு வாசலிலிருந்து மிரிஸ்ஸ கடற்கரைக்கு 2 முதல் 3 மணி நேரத்தில் வந்துவிடலாம். கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடித் தளமான கண்டத்திட்டு, தீவின் தென்முனையான தெய்வேந்திரமுனைக்கு அருகில் மிகக் குறுகலாக இருப்பதால் ஆழ்கடல் கரையை நெருங்கி வருகிறது. வேறு நாடுகளில் பல நாள் கப்பல் பயணம் செய்து காண வேண்டிய நீலத் திமிங்கிலத்தை இங்கே காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் பார்த்துத் திரும்ப முடிவதற்கு இதுவே காரணம்.

ஆனால் ஆண்டு முழுவதும் இது நடக்காது. மூன்றும் ஒன்று சேரும் மாதங்கள் சில மட்டுமே.

எந்த மாதம் போனால் நல்லது? ஒருவர் டிசம்பர் என்கிறார், இன்னொருவர் ஜூன் என்கிறார்.

இருவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆளுக்கொரு கரையை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தெற்கு, மேற்குக் கரைகளில் மழையையும் கொந்தளிப்பையும் கொண்டுவருகிறது. அப்போது கிழக்குக் கரை வெயிலடித்து அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது நிலைமை தலைகீழாகிவிடும். ஆகவே "இலங்கையின் சுற்றுலாக் காலம்" என்று ஒன்று கிடையாது, இரண்டு இருக்கின்றன.

திட்டமிடும்போது நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் உங்களுக்கு விடுமுறை கிடைக்கும் மாதத்தைப் பாருங்கள், அந்த மாதத்தில் எந்தக் கரையில் திமிங்கிலப் படகுகள் கடலுக்குப் போகின்றன என்று பாருங்கள், அந்தக் கரைக்கு அருகிலுள்ள காட்டையும் கடற்கரையையும் அதன் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் முதலில் விடுதியைப் பிடித்துவிட்டுப் பிறகு திமிங்கிலத்தைத் தேடுகிறார்கள். கடற்கரை தீவைச் சுற்றிலும் இருக்கிறது, காடு எங்கும் நகரப்போவதில்லை, திமிங்கிலம் ஒன்றுதான் பருவத்துக்குக் கட்டுப்பட்டது.

மூன்றையும் முழுமையாக அனுபவிக்க ஒரே காலத்தைச் சொல்லச் சொன்னால், ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் இறுதி வரை என்பேன். தெற்குக் கடல் அமைதியாக இருக்கும். சிங்கராஜவிலும் மழை ஓரளவு தணிந்திருக்கும். "ஓரளவு" என்பதை அழுத்திச் சொல்கிறேன்: ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் காடு அது, முற்றிலும் காய்ந்த மாதம் என்று ஒன்று அதற்கு இல்லை.

மிரிஸ்ஸவா, திருகோணமலையா, கற்பிட்டியா? எங்கே திமிங்கிலம் அதிகம்?

மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை படகுகள் செல்லும். நீலத் திமிங்கிலத்துக்குப் பெயர்போன இடம். பிரைட் திமிங்கிலமும் சுழன்று துள்ளும் ஸ்பின்னர் ஓங்கில்களும் (டால்பின்கள்) அடிக்கடி தென்படும், ஸ்பெர்ம் திமிங்கிலம் எப்போதாவது வரும். வசதிகள் அதிகம், அதனால் கூட்டமும் அதிகம். உலகின் பரபரப்பான சரக்குக் கப்பல் பாதைகளில் ஒன்று இதே நீர்ப்பரப்பை ஒட்டிச் செல்கிறது என்பதையும் படகில் போகும்போது கண்ணெதிரே காண்பீர்கள்.

கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையின் காலம் ஏறக்குறைய மே முதல் ஆகஸ்ட் வரை. மார்ச், ஏப்ரலிலேயே திமிங்கிலங்கள் தென்படத் தொடங்கும். மகாவலி கங்கை கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால், ஆழ்நீர் இங்கே கரையின் காலடிக்கே வந்துவிடுகிறது. சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1979இல் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்ததை அடுத்து, 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற ஆய்வுப் படகில் வந்தவர்கள் நீலத் திமிங்கிலங்களைக் கண்டு பதிவு செய்ததும் இக்கடலில்தான். பிறகு வந்த போர் ஆண்டுகள் இந்தக் கரையை மூடிவிட்டதால் மிரிஸ்ஸ முந்திக்கொண்டது. நல்ல நாளில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் உச்சியிலிருந்தே திமிங்கிலத்தின் மூச்சுத் தூவலைப் பார்க்க முடியும். படகுகள் குறைவு. எனக்குப் பிடித்த இடமும் இதுவே.

வடமேற்குக் கரையிலுள்ள கற்பிட்டியை ஓங்கில்களுக்காகத் தேர்ந்தெடுக்கலாம். சில காலைகளில் நூற்றுக்கணக்கில் சேர்ந்து வரும். ஸ்பெர்ம் திமிங்கிலக் கூட்டங்களைக் காண பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கிருந்து மழைக்காடு வெகுதூரம்; எனவே இந்தக் கேள்விபதிலின் நோக்கத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

பிள்ளைகளுக்கு மே மாதத்தில்தான் லீவு. அப்போது வந்தால் வீணா?

வீணாகாது, ஆனால் வேறு பயணமாக இருக்கும். திருகோணமலையைக் கடல் தளமாகவும், 2 மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஹபரணைப் பகுதியைக் காட்டுத் தளமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மின்னேரியா, கவுடுல்ல பூங்காக்கள் உலர்வலயக் காடுகள், மழைக்காடுகள் அல்ல. அவற்றின் சிறப்பு யானைகள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, நீர்மட்டம் குறைந்து மின்னேரியாக் குளத்தின் கரையில் புதிய புல் முளைக்கும்போது, நூற்றுக்கணக்கான யானைகள் மாலை வேளைகளில் அங்கே ஒன்றுகூடும். மே மாதத்தில் அந்தப் பெருங்கூட்டத்தை எதிர்பார்க்கக் கூடாது.

மே மாதத்தில் சிங்கராஜவைச் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும் நேரம் அது. 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களில் இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியிருக்கின்றன. மழைக்காடுதான் உங்கள் முதல் ஆசை என்றால் விடுமுறையை மாற்ற முடியுமா என்று பாருங்கள். திமிங்கிலமும் கடற்கரையும் போதும் என்றால் மே மாதமே போதும்.

திமிங்கிலம் கட்டாயம் தெரியுமா? காசு கட்டிப் போய் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கட்டாயம் தெரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் முகவரைத் தவிர்த்துவிடுங்கள். பருவத்தின் நடுவில் வாய்ப்பு மிக அதிகம், பருவத்தின் இரு ஓரங்களிலும் குறைவு, அவ்வளவுதான். இதற்கு ஒரே மருந்து, கடற்கரையில் தங்கும் நாள்களில் முதல் காலையிலேயே கடலுக்குப் போய்விடுவது. அன்று ஏமாற்றமானால் இன்னொரு காலை கையில் இருக்கும். கடைசி நாளுக்குத் திமிங்கிலத்தை ஒதுக்குபவர்கள்தாம் பெரும்பாலும் வருத்தத்தோடு திரும்புகிறார்கள்.

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். நீலத் திமிங்கிலம் விளம்பரப் படங்களில் வருவதுபோல் முழு உடலோடு வானில் துள்ளாது. அது கூனல் திமிங்கிலத்தின் பழக்கம். முதலில் தொலைவில் வெண்ணிறத் தூண் ஒன்று எழும்: 9 மீட்டர் உயரம் வரை பீறிடும் அதன் மூச்சு. படகு மெல்ல நெருங்கி எஞ்சின் ஒலியைக் குறைத்ததும், கனமான காற்று வெளியேறும் ஓசை தனியே கேட்கும். பிறகு சாம்பல் கலந்த நீல முதுகு உருண்டுகொண்டே போகும். போகும், இன்னும் போகும், அது முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது வெகு பின்னால் மிகச் சிறிய முதுகுத் துடுப்பு ஒன்று வந்து மறையும். சில மூச்சுகளுக்குப் பின் வாலை உயர்த்தி மூழ்கினால் மீண்டும் மேலே வரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகலாம். இங்குள்ளவை நீலத் திமிங்கிலங்களில் சற்றுச் சிறிய வகை. அதுவே ஏறக்குறைய 24 மீட்டர் வரை வளரும்.

இங்குள்ளவற்றில் பல, மற்ற நீலத் திமிங்கிலங்களைப்போல் குளிர்கடல்களுக்கு வலசை போகாமல் வெப்பக் கடலிலேயே ஆண்டு முழுவதும் தங்கி இரை தேடுகின்றன. இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வொஸ் இந்த விந்தையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து உலகறியச் செய்தவர். இலங்கைக் கடலில் இவை குளிர்கடல்களில் வாழும் கிரில் என்ற சிற்றுயிரிகளை அல்ல, சிறு இறால் வகையையே பெரிதும் உண்பதாகவும் ஆய்வுகளில் தெரியவந்தது.

எனக்குப் படகு என்றாலே வாந்தி வரும். நான் போகலாமா?

போகலாம், ஆனால் ஆயத்தம் இல்லாமல் போகாதீர்கள். கடலில் இருப்பது 4, 5 மணி நேரம். திமிங்கிலத்தைக் கண்டதும் படகு நின்று ஆடும் நேரத்தில்தான் குமட்டல் அதிகமாகும். பயண மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே வாங்கி, புறப்படுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பயன் மிகக் குறைவு. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது.

படகில் இடம் பிடிப்பதும் முக்கியம். மேல்தளத்தில் காட்சி நன்றாகத் தெரியும், ஆட்டமும் அங்கேதான் அதிகம். கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில், டீசல் புகை வராத பக்கமாக அமர்ந்து, கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, தொடுவானத்தையே பாருங்கள். கேமராவின் சிறிய திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் முதலில் வருகிறது.

நல்ல படகு எது என்று கரையிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இலங்கையில் திமிங்கிலம் பார்ப்பதற்கென 2012ஆம் ஆண்டு முதல் விதிமுறைகள் உள்ளன: படகு உரிமம் பெற்றிருக்க வேண்டும், விலங்குக்கு 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, அதன் பாதையைக் குறுக்கே மறிக்கக் கூடாது. இந்த 100 மீட்டர் விதி தங்களுக்குத் தெரியும் என்று காட்டும் ஆளிடம் பதிவு செய்யுங்கள். "மிக அருகில் கூட்டிப்போகிறோம்" என்பதே விளம்பரமாக இருந்தால் வேறு படகைத் தேடுங்கள். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, எத்தனை பேரை ஏற்றுகிறார்கள், காலநிலை காரணமாகப் பயணம் இரத்தானால் பணமா மறுநாள் பயணமா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்துகொண்டு, அது மூழ்கிய திசையெல்லாம் எஞ்சினை முடுக்கிக்கொண்டு ஓடுவது மிரிஸ்ஸவின் பழைய நோய். இதில் படகோட்டியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; பயணிகள் "இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே" என்று கேட்பதும், அருகில் கொண்டுபோனவருக்கே அன்பளிப்பு கொடுப்பதும் அவரைத் தூண்டுகின்றன. புறப்படும்போதே "விரட்ட வேண்டாம், தொலைவில் நின்று பார்த்தால் போதும்" என்று சொல்லுங்கள்; நன்றாக நடந்துகொண்டவருக்கு அன்பளிப்பையும் கொடுங்கள். அமைதியாகக் காத்திருக்கும் படகின் அருகே திமிங்கிலம் தானாக வந்து எழுவதும் உண்டு. சரக்குக் கப்பல் மோதி நீலத் திமிங்கிலங்கள் இறக்கும் இக்கடலில், எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களின் பாதையைத் தெற்கே தள்ளி அமைத்தது. பெருங்கப்பலே விலகிப் போகும்போது சுற்றுலாப் படகு விலகி நிற்பதில் சிரமம் என்ன?

திமிங்கிலத்தோடு நீந்தலாம் என்று ஒருவர் காணொளி காட்டினார். அது நடக்குமா?

உரிய சிறப்பு அனுமதி இல்லாமல் நீந்துவது விதிமீறல். கரையில் யாராவது இரகசியமாக ஏற்பாடு செய்வதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆழ்கடல் நீரோட்டத்தில் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் பொறுப்பேற்க அங்கே எவரும் இருக்கமாட்டார்கள்.

சிங்கராஜவுக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும்?

பெரும்பாலானோர் பயன்படுத்துபவை இரண்டு: களவானை வழியாகப் போகும் வடமேற்குப் பக்கத்து குடாவ, தெனியாய வழியாகப் போகும் தெற்குப் பக்கத்து பிட்டதெனிய. பறவைகளே முக்கியம் என்றால் குடாவ. 1970களில் மரம் வெட்டுவதற்காகப் போட்ட பாதை அங்கே நடைபாதையாக இருக்கிறது; அகலமாகவும் பெரும்பாலும் சமமாகவும் இருப்பதால் மரக்கிளைகளை நிமிர்ந்து பார்த்தபடி நடக்க முடியும். 1977இல் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ இக்காட்டை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. மிரிஸ்ஸவுக்குத் தொடர்ந்து போகிறவர்களுக்கும், ஓடைகளையும் அருவிகளையும் விரும்புகிறவர்களுக்கும் பிட்டதெனிய வசதி.

எந்த வாசலாயினும் வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இது வனவிலங்குப் பூங்கா அல்ல, வனத்துறையின் பொறுப்பில் உள்ள காடு. ஜீப்பில் சுற்றும் வழக்கம் இங்கே இல்லை, நடக்கத்தான் வேண்டும். முந்தைய இரவே வாசலுக்கு அருகிலுள்ள ஊரில் தங்கிவிட்டு, வாசல் திறந்ததும் நுழைந்துவிடுங்கள். மிரிஸ்ஸவில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்புவதாகப் போடும் திட்டத்தில், காட்டை அடைவதற்குள் பறவைகள் ஓய்ந்து மதிய மேகம் திரண்டுவிடும்.

சிங்கராஜவில் யானை, சிறுத்தை பார்க்கலாமா? என்னதான் இருக்கிறது அங்கே?

யானை, சிறுத்தைக்காகப் போகாதீர்கள். சிறுத்தை இருந்தாலும் கண்ணில் படுவது அரிது. யானைகள் இரண்டொன்றுக்கு மேல் இல்லை. திறந்த புல்வெளியில் விலங்கு பார்த்துப் பழகியவர்களுக்கு மழைக்காடு முதல் அரை மணி நேரம் வெறுமையாகவே தெரியும். இங்கே கண்ணைவிடக் காது முந்தி வேலை செய்ய வேண்டும்.

காத்திருக்க வேண்டியது கலப்புப் பறவைக் கூட்டத்துக்காக. செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களின் இடைவிடாத சலசலப்பு முதலில் கேட்கும், கொண்டைக் கரிச்சான் ஒன்று குரல் கொடுக்கும். அடுத்த சில நிமிடங்களில், அதுவரை ஓர் இலைகூட அசையாதிருந்த மரங்களில் பல இனப் பறவைகள் ஒன்றாக இரை தேடிக்கொண்டு உங்கள் தலைக்கு மேலே கடந்து போகும். இலங்கைக்கே உரிய செம்முகப் பூங்குயிலையும், நீல உடலும் செம்பழுப்புத் தலையும் கொண்ட நீல மாக்பையையும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தோடுதான் காணலாம். சலசலப்பு கேட்டதும் அதன் பின்னால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், கூட்டமே உங்களைக் கடந்துபோகும். 2001ஆம் ஆண்டு வரை அறிவியல் அறியாதிருந்த செரண்டிப் ஆந்தையும் தென்மேற்கு மழைக்காடுகளில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பகலில் அது உறங்கும் கிளை சில வழிகாட்டிகளுக்குத் தெரிந்திருக்கும்.

இவை தவிர ஊதாமுக மந்தி, மலையணில், கூன்மூக்குப் பல்லி, பச்சை விரியன் ஆகியவற்றையும் காணலாம். மரங்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இத்தீவுக்கே உரியவை. மரங்களைப் பற்றிக் கேட்டால் நல்ல வழிகாட்டி மகிழ்ச்சியோடு நிறையச் சொல்வார், யாரும் கேட்பதில்லை.

அட்டைக் கடி பயமாக இருக்கிறது. குழந்தையை வேறு கூட்டிப்போக வேண்டும்.

மழை பெய்த மறுநாள் அட்டைகள் இருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறைகள் காட்டு வாசல்களில் கிடைக்கும். காற்சட்டையை அதற்குள் சொருகிக்கொண்டு, நிற்கும்போதெல்லாம் ஒருவர் காலை மற்றவர் பார்த்துக்கொண்டால் போதும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். அட்டையின் மெல்லிய முனைதான் வாய். அந்த முனையின் ஓரமாக நகத்தைத் தோலோடு ஒட்டிச் சறுக்கினால் பிடி விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அட்டை செலுத்துவதால் சிறிது நேரம் கசிந்துகொண்டிருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஆபத்தில்லை; கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கட்டுப் போடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை, பெரியவர்கள் கூச்சலிடாதவரை அவர்களும் அட்டையை வேடிக்கையாகவே பார்க்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் குடாவப் பாதையே ஏற்றது. ஆனால் 5 மணி நேரப் படகுப் பயணத்துக்கு மிகச் சிறிய குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் கூட்டிப்போக வேண்டாம்.

எப்படியும் யானை பார்க்காமல் திரும்ப மாட்டோம். அதற்கு என்ன வழி?

தெற்குப் பயணத்தில் உடவளவையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கராஜவிலிருந்து கடலுக்கு வரும் வழியில் ஒரு சுற்று சுற்றினால் போதும். யானைகள் ஆண்டு முழுவதும் அங்கே உண்டு. தாயை இழந்த குட்டிகளை வளர்த்து மீண்டும் காட்டில் விடுவதற்காக 1995இல் தொடங்கப்பட்ட யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் நிலையமும் அருகில் உள்ளது; பாலூட்டும் நேரத்தில் தொலைவில் நின்று பார்க்கலாம், தொட முடியாது, அதுதான் அதன் நேர்மை. யால பூங்கா சிறுத்தைக்குப் பெயர்பெற்றது என்றாலும் ஜீப் நெரிசல் கூடுதல்; அதன் முக்கியப் பகுதி செப்டெம்பர் தொடக்கம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை வழக்கமாக மூடியிருக்கும். இரண்டு பூங்காவுக்கும் போவது ஒரு வாரப் பயணத்துக்கு மிகை.

எந்தக் கடற்கரையில் பயமில்லாமல் குளிக்கலாம்?

தெற்கில் பவளப்பாறை அரணாக நிற்கும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: மாத்தறைக்கு அருகிலுள்ள பொல்ஹேன ஆழமற்றது, பிள்ளைகளுக்கு ஏற்றது, உனவட்டுன குடாவும் பெரும்பாலும் அமைதியானது. அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள வெலிகம நல்லது. திறந்த கடற்கரைகளில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால் அளவு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தெற்கில் பொதுவாகக் குளிக்காமல் இருப்பதே அறிவு.

கிழக்கில் உப்புவெளி, நிலாவெளி இரண்டும் அந்த மாதங்களில் அருமையானவை. நிலாவெளிக்கு எதிரே சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவு இருக்கிறது. பவளப்பாறைகளுக்கிடையே துடுப்பு முனை கறுத்த சிறு சுறாக்கள் நீந்துவதைக் காணலாம். அவை மனிதரைக் கண்டால் விலகிப் போகும். பவளத்தின் மேல் காலூன்றி நிற்காதீர்கள். ஒரு மிதியில் உடைவது பல ஆண்டு வளர்ச்சி.

ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் இடங்களுக்குப் போகலாமா?

உலகின் ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. அதனால் தென்மேற்குக் கரை நெடுகிலும் குஞ்சு பொரிப்பகங்கள் உள்ளன. குஞ்சுகளைச் சுற்றுலாப் பயணிகள் கையில் எடுத்துப் படம் பிடிப்பதற்காக நாள்கணக்கில் தொட்டியில் வைத்திருப்பவை அவற்றில் உண்டு. பொரித்தவுடன் நீந்திக் கடலுக்குள் போக வேண்டிய வலு தொட்டியிலேயே செலவாகிவிடுகிறது. பொரித்த இரவே விடுகிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் போகாதீர்கள். தங்காலைக்கு அருகிலுள்ள ரெக்கவவில் இரவில் வெளிச்சமின்றிக் காத்திருந்து, முட்டையிட வரும் ஆமையைத் தொலைவிலிருந்து பார்ப்பது இதைவிட மேலானது. ஏப்ரல் முதல் ஜூலை வரை வாய்ப்பு அதிகம்.

மொத்தம் எத்தனை நாள் வேண்டும்? எதை முதலில் வைப்பது?

தெற்குப் பயணத்துக்கு 8 இரவுகள் நிதானமான அளவு. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நேரே காட்டுக்கு வாருங்கள். அதிவேக நெடுஞ்சாலையைப் பயன்படுத்தினாலும் 4 முதல் 5 மணி நேரம் ஆகும். சிங்கராஜவில் 2 இரவு, உடவளவையில் 1, மிரிஸ்ஸ அல்லது வெலிகமவில் 4, காலிக் கோட்டைக்குள் 1. அங்கிருந்து நெடுஞ்சாலை வழியே விமான நிலையம். காட்டை முன்னால் வைக்கக் காரணம், உடல் களைப்பைக் கடற்கரையில் தீர்த்துக்கொள்ளலாம் என்பதும், ஈரமான காலணிகள் காய அங்கே நாள் கிடைக்கும் என்பதும்தான். 6 இரவுதான் கிடைக்கும் என்றால் உடவளவையையும் காலியையும் விட்டுவிடுங்கள். கடற்கரை நாள்களைக் குறைக்காதீர்கள், மேலே சொன்ன இரண்டாவது படகுக் காலை அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

கிழக்குப் பயணத்துக்கு ஹபரணையில் 2 இரவு, திருகோணமலையில் 4 இரவு போதும். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு இரவு ரயிலும் உண்டு.

ஒரே பயணத்தில் மிரிஸ்ஸ, திருகோணமலை இரண்டு கடலிலும் போய்விட்டால் என்ன?

அதற்குப் பொருந்துவது மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரையான சிறிய இடைவெளி மட்டுமே. தெற்கின் காலம் முடியும், கிழக்கின் காலம் தொடங்கும். இரு கடலும் அமைதியாக இருந்தாலும் பிற்பகல்களில் இடிமழை வரும், சாலையில் ஒரு முழு நாள் போய்விடும். 12 நாளுக்குக் குறைந்த பயணத்தில் இதை முயல வேண்டாம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஏப்ரல் 13, 14 தேதிகளை ஒட்டி வரும் சித்திரைப் புத்தாண்டு நாள்களில் கடைகள் மூடியிருக்கும், படகோட்டிகளும் ஓட்டுநர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள், உள்ளூர்ப் பயணிகளால் சாலைகள் நிரம்பியிருக்கும்.

அக்டோபர், நவம்பரைப் பற்றியும் கேட்கிறார்கள். இந்த மூன்றையும் இணைக்க அதுவே மிகவும் பலவீனமான காலம். பருவங்களுக்கு இடைப்பட்ட மழையும் வங்கக் கடலின் புயல்களும் எந்தக் கரையையும் விட்டுவைப்பதில்லை. நவம்பர் இறுதியில் மிரிஸ்ஸவில் படகுகள் தொடங்கியிருந்தாலும், பயணத்தை டிசம்பர் நடுப்பகுதிக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள்.

பௌர்ணமி அன்று எல்லாம் மூடிவிடுவார்களாமே?

ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் போயா என்னும் பொது விடுமுறை. அன்று மது விற்பனை இல்லை, சில இடங்களில் இறைச்சியும் கிடைக்காது. காடும் பூங்காக்களும் பொதுவாகத் திறந்தே இருக்கும். ஆனால் உள்ளூர்க் குடும்பங்கள் திரண்டு வருவதால் அமைதியை எதிர்பார்க்க முடியாது. போயாவும் வார இறுதியும் சேர்ந்து வந்தால் அந்த நாள்களைக் கடலுக்கோ பயணத்துக்கோ ஒதுக்கிவிட்டு, காட்டை வார நாளுக்கு மாற்றுங்கள்.

கடலுக்குப் போகும் அன்று காலையில் படகு இரத்து என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

வாதாட வேண்டாம். கடல் கொந்தளிப்பாக இருந்தால் கரையோரக் காவல் படையினர் படகுகளை வெளியே விடமாட்டார்கள், அந்த முடிவு படகோட்டியின் கையில் இல்லை. எல்லாப் படகும் நிற்கும்போது ஒரு படகு மட்டும் "நாங்கள் போகிறோம்" என்றால் அதில் ஏறக் கூடாது. முன்பே பேசி வைத்தபடி மறுநாள் இடத்தை உறுதி செய்துகொண்டு, அன்றைய பகலைக் காலிக் கோட்டையிலோ, கிழக்கில் என்றால் கோணேசர் கோயிலிலோ கழியுங்கள்; கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு தொலைநோக்கியையும் எடுத்துச் செல்வது நல்லது.